மிச்சலின் பட்டியல் வெளியான பிறகு: விருதுகளையும் விடுபட்ட பெயர்களையும் முறையாக விவாதிப்பது எப்படி?

உணவகங்களை மதிப்பிட்டு நட்சத்திரம் அளிக்கும் மிச்சலின் கையேட்டின் புதிய பட்டியல் ஒரு நகரத்தில் வெளியாகும் நாளில், உணவுப் பிரியர்கள் கூடும் இடங்களில் எல்லாம் இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப எழும்: "அந்த உணவகத்துக்கு எப்படி நட்சத்திரம் கொடுத்தார்கள்?", "இந்த உணவகத்தை எப்படி விட்டார்கள்?" இரண்டாவது கேள்விக்குத்தான் சூடு அதிகம், தவறான பதில் கிடைப்பதும் பெரும்பாலும் அதற்குத்தான். பெயர் இல்லை என்றதும், ஆய்வாளருக்கு நாக்கு செத்துவிட்டது என்றோ, பணம் கைமாறிவிட்டது என்றோ முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால், சுவையோடு எந்தத் தொடர்பும் இல்லாத, சொல்லப்போனால் சலிப்பூட்டுகிற காரணங்களாலேயே பல பெயர்கள் விடுபடுகின்றன. அவற்றை ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்த பிறகு எது எஞ்சுகிறதோ அதுதான் உண்மையான சச்சரவு; அந்தச் சச்சரவைத் தாராளமாகப் போடலாம் என்பதே என் கட்சி. அதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகளை இங்கே விளக்குகிறேன்.

பட்டியல் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது?

பிரான்சின் கிளேர்மோன் ஃபெரான் நகரத்து டயர் நிறுவனம் ஒன்று 1900இல் வாகன ஓட்டிகளுக்கு இலவசமாகக் கொடுத்த சிறு புத்தகமாகத்தான் இந்தக் கையேடு தொடங்கியது. மக்கள் அதிகம் பயணம் செய்தால் டயர் தேயும், தேய்ந்தால் புதிய டயர் விற்கும் என்பது மிச்சலின் சகோதரர்களின் கணக்கு. 1920 முதல் அது விலைக்கு விற்கப்பட்டது. 1926இல் உணவகங்களுக்கு நட்சத்திரம் அளிக்கும் வழக்கம் வந்தது. 1931இல் ஒன்று, இரண்டு, மூன்று என்ற படிநிலை உருவானது. இந்தப் பிறப்பு வரலாறு வெறும் சுவாரசியத் தகவல் அன்று. நட்சத்திரங்களின் அதிகாரபூர்வ விளக்கத்தில் இன்றும் பயணக் கணக்குதான் இருக்கிறது: ஒரு நட்சத்திரம் என்றால் அந்த வழியே போகும்போது நின்று சாப்பிடத் தகுந்த இடம், இரண்டு என்றால் வழியைச் சற்று மாற்றிக்கொண்டாவது போகத் தகுந்த இடம், மூன்று என்றால் அதற்காகவே தனியாகப் பயணம் மேற்கொள்ளத் தகுந்த இடம். உங்கள் தெருமுனையில் இருக்கும், வாரம் இருமுறை நீங்கள் போகும், உங்களை ஒருநாளும் ஏமாற்றாத உணவகம் எது என்ற கேள்வியை நட்சத்திரம் கேட்பதே இல்லை. கேட்காத கேள்விக்குப் பதில் வரவில்லை என்று கோபித்துக்கொள்வதில் பயனில்லை.

நட்சத்திரம் அளிக்க ஐந்து அளவுகோல்களைக் கடைப்பிடிப்பதாக மிச்சலின் சொல்கிறது: பொருள்களின் தரம், சுவைகளின் இசைவு, சமையல் நுட்பங்களில் தேர்ச்சி, சமைப்பவரின் தனித்தன்மை உணவில் வெளிப்படுவது, உணவுப்பட்டி முழுவதிலும் காலப்போக்கிலும் தரம் மாறாதிருப்பது. பரிமாறும் பணியாளரின் புன்னகை, மேசை விரிப்பு, விளக்கலங்காரம் ஆகியவை நட்சத்திரக் கணக்கில் சேராது என்று அந்த நிறுவனமே பலமுறை விளக்கியிருக்கிறது. இடத்தின் வசதியைக் குறிப்பதற்கு முள்கரண்டியும் கரண்டியும் கொண்ட வேறொரு சின்னம் பல காலமாக அதன் அச்சுப் பதிப்புகளில் இருந்துவந்தது. ஆகவே "உட்காரவே இடமில்லாத இடத்துக்கா நட்சத்திரம்?" என்ற கேள்வியையும், "அவ்வளவு அழகான இடத்துக்கு நட்சத்திரம் இல்லையா?" என்ற கேள்வியையும் விவாதத்தின் தொடக்கத்திலேயே ஒதுக்கி வைத்துவிடலாம். முதல் நாள் எழும் கூச்சலில் கணிசமான பகுதி இதிலேயே அடங்கிவிடும்.

நட்சத்திரத்துக்குக் கீழே வேறு வகைகளும் உண்டு. 1997இல் தொடங்கிய பிப் கூர்மான், நியாயமான விலையில் நல்ல உணவு தரும் இடங்களுக்கானது. விலை வரம்பு அந்தந்த ஊரின் வாழ்க்கைச் செலவைப் பொறுத்து மாறும். எந்தச் சிறப்புச் சின்னமும் இல்லாமல், கையேட்டின் பரிந்துரையாக மட்டும் இடம்பெறும் உணவகங்களே எண்ணிக்கையில் அதிகம். "பட்டியலிலேயே இல்லை" என்று சொல்பவர் பெரும்பாலும் நட்சத்திரப் பட்டியலை மட்டும் பார்த்திருப்பார். முழுத் தேர்வையும் திறந்து பெயரைத் தேடிவிட்டு வருமாறு அவரிடம் பணிவாகச் சொல்லுங்கள்.

பெயர் ஏன் இல்லை என்று தேடும் வரிசை

முதலில் வரைபடத்தைப் பாருங்கள். கையேடு உலகம் முழுவதையும் ஆய்வதில்லை. சில நாடுகளில் சில நகரங்களையும் வட்டாரங்களையும் மட்டுமே எடுத்துக்கொள்கிறது. பல இடங்களில் உள்ளூர்ச் சுற்றுலா வாரியம் நிதி அளித்தால்தான் அது வருகிறது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துக்கு 2023இல் முதல் பதிப்பு வந்தபோது, டென்வர், போல்டர், ஆஸ்பென், வெய்ல் போன்ற, நிதியில் பங்கேற்ற ஊர்களில் இருந்த உணவகங்கள்தாம் ஆய்வுக்கு உட்பட்டன. டென்வரை ஒட்டியே இருக்கும் அரோரா நகரம் பணம் கொடுக்க முன்வராததால், அங்கே எவ்வளவு திறமையாகச் சமைத்தாலும் அந்த ஆண்டு நட்சத்திரம் கிடைக்க வழியே இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் கதை இன்னும் தெளிவானது: 2008, 2009 ஆண்டுகளுக்கான பதிப்புகள் வந்தன, பிறகு நின்றன, 2019இல் கலிபோர்னியா முழுமைக்குமான கையேடு வந்தபோதுதான் நட்சத்திரங்கள் திரும்பின. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த நகரத்துச் சமையல்காரர்கள் கைமணத்தை இழந்துவிடவில்லை. பார்க்க ஆளில்லை, அவ்வளவுதான். உங்கள் ஊரிலும் எந்த மாவட்டம் வரை ஆய்வின் எல்லை, எந்தப் பாலத்துக்கு அப்பால் அது இல்லை என்பதை அறிந்துகொண்டால், "புறநகரை வேண்டுமென்றே புறக்கணித்தார்கள்" என்ற குற்றச்சாட்டைப் போடுவதா விடுவதா என்பது விளங்கிவிடும். எல்லையை அவ்வாறு வகுத்தது சரியா என்று கேட்பதும் நல்ல கேள்விதான். ஆனால் அதைக் கேட்க வேண்டிய இடம் ஆய்வாளரின் நாக்கு அன்று, நிதி அளித்த வாரியம்.

அடுத்தது நாள்காட்டி. விழாவில் பெயர் வாசிக்கப்படும் நாளுக்குப் பல மாதங்கள் முன்பே ஆய்வாளர்கள் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். தரம் காலப்போக்கில் மாறாதிருப்பது ஓர் அளவுகோலாக இருக்கையில், அண்மையில் திறந்த உணவகத்தின் பெயர் அந்த ஆண்டு வராதது இயல்பு. தலைமைச் சமையல்காரர் விலகிப் போனாலோ, உணவகம் இடம் மாறினாலோ, மூடிவிட்டு வேறு உணவுப்பட்டியோடு திறந்தாலோ மறுமதிப்பீடு நடக்கும், ஏனெனில் நட்சத்திரம் உணவகத்துக்கு உரியதே தவிர தனி மனிதருக்கு உரியதன்று. "மூன்று நட்சத்திரச் சமையல்காரர்" என்று செய்திகளில் எழுதுவது வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கத்தால் வந்த குழப்பமும் கொஞ்சமன்று. இன்னொரு நுணுக்கமும் உண்டு. பல நகரங்களில் பிப் கூர்மான் பட்டியலை நட்சத்திர விழாவுக்குச் சில நாள்கள் முன்னதாகவே வெளியிடுகிறார்கள். ஓர் உணவகம் ஒரே நேரத்தில் பிப் கூர்மானும் நட்சத்திரமும் வைத்திருக்க முடியாது. எனவே, சென்ற ஆண்டு பிப் கூர்மான் பெற்ற இடத்தின் பெயர் இந்த முறை அந்த முன்பட்டியலில் இல்லையென்றால், அது விலக்கப்பட்டிருக்கலாம், விலை வரம்பைத் தாண்டியிருக்கலாம், அல்லது நட்சத்திரத்துக்கு உயர்ந்திருக்கலாம். அந்தச் சில நாள்கள் இரங்கல் தீர்மானம் எதுவும் நிறைவேற்றாமல் இருப்பது நல்லது.

மூன்றாவதாக, சாதாரண மனிதர் உள்ளே போக முடியுமா என்று பாருங்கள். ஆய்வாளர் தம்மை அடையாளம் காட்டாமல் முன்பதிவு செய்து, உண்ட தொகையைத் தாமே செலுத்திவிட்டு வரும் முறையில்தான் இந்தக் கையேடு இயங்குகிறது. அப்படி நுழைய முடியாத இடத்தை மதிப்பிடவும் முடியாது. டோக்கியோவின் முதல் பதிப்பு வெளியான 2007 முதல் மூன்று நட்சத்திரங்கள் வைத்திருந்த சுகியாபாஷி ஜிரோ என்ற சுஷி உணவகம், 2019 நவம்பரில் வெளியான பதிப்பில் இடம்பெறவில்லை. பொதுமக்களிடமிருந்து நேரடி முன்பதிவை அது ஏற்பதில்லை என்பதே கையேடு சொன்ன காரணம்; நட்சத்திரத்தை இழந்ததாகக் கருத வேண்டாம், எங்கள் மதிப்பீட்டு வரம்புக்குள் அது வரவில்லை என்றும் விளக்கினார்கள். உறுப்பினர்களுக்கு மட்டுமான விருந்துக் கூடங்கள், தெரிந்தவர் வழியாக மட்டுமே இடம் கிடைக்கும் மேசைகள் ஆகியவை பற்றிய விவாதத்தை இந்த ஒரு நிகழ்வே முடித்துவைக்கும்.

சிலர் தாங்களாகவே விலகிக்கொள்கிறார்கள். பிரான்சின் லாகியோல் ஊரில் 1999 முதல் மூன்று நட்சத்திரங்கள் பெற்றிருந்த உணவகத்தின் தலைமைச் சமையல்காரர் செபாஸ்தியன் பிரா, நட்சத்திரங்களைத் தக்கவைக்கும் அழுத்தம் இனி வேண்டாம், உணவகத்தைக் கையேட்டிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று 2017இல் வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார். 2018 பதிப்பில் பெயர் இல்லை. ஆனால் 2019 பதிப்பில் இரண்டு நட்சத்திரங்களோடு அவருடைய உணவகம் மீண்டும் வந்தது. இத்தாலியின் லுக்கா நகரத்தில் உள்ள ஜிக்லியோ உணவகமும் 2024இல் தன் நட்சத்திரத்தை எடுத்துவிடுமாறு கேட்டது. ஆக, விலகல் நடப்பது உண்மை. அது நிலைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

வரைபடம், நாள்காட்டி, வாசல், விருப்ப விலகல் ஆகிய நான்கையும் கழித்த பிறகும் உங்கள் உணவகம் விடுபட்டதற்கு விளக்கம் கிடைக்கவில்லையா? இப்போதுதான் சுவையைப் பற்றிப் பேசத் தொடங்கலாம்.

தட்டிலிருந்து ஆதாரம் எடுப்பது

இந்த இடத்தில்தான் விவாதங்கள் பெரும்பாலும் சரிகின்றன. "அங்கே சாப்பாடு பிரமாதம், நட்சத்திரம் தராதது அநியாயம்" என்ற வாக்கியத்தை மறுக்கவும் முடியாது, ஏற்கவும் முடியாது, ஏனெனில் அதில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. அதே மனிதர் பின்வருமாறு எழுதினால் நிலைமை வேறு: "மார்ச் மாதம் ஒரு செவ்வாய் மதியமும், மே மாதம் ஒரு சனி இரவும் அதே வறுத்த மீனைக் கேட்டேன். இரண்டு முறையும் தோல் கரண்டி பட்டதும் நொறுங்கியது. முள்ளை ஒட்டிய சதை வெந்தும் ஈரம் வற்றாமலும் இருந்தது. குழம்பைத் தோலின் மேல் ஊற்றாமல் அடியில் விட்டிருந்தார்கள், அதனால் கடைசித் துண்டு வரை மொறுமொறுப்பு குறையவில்லை. நட்சத்திரம் பெற்ற மற்ற உணவகத்தில் குழம்பு மேலே ஊற்றியே வந்தது, பாதி சாப்பிடுவதற்குள் தோல் ஊறிவிட்டது." இப்போது பேசுவதற்கு நுட்பம் இருக்கிறது, தரம் மாறாமை இருக்கிறது, ஒப்பீடும் இருக்கிறது. மறுப்பவர் "நான் போன அன்று அப்படி இல்லை" என்று தம் தேதியோடு வந்தால், அதுவும் விவாதத்துக்கு வரவுதான்.

இப்படி எழுத, சாப்பிட்ட இரவே குறிப்பு எடுத்தாக வேண்டும். மறுநாள் நினைவில் நிற்பது உடன் வந்தவர்களின் பேச்சும் கட்டணத் தொகையும்தான். தட்டில் இருந்தது மங்கிவிடும். தேதி, மதியமா இரவா, யாருடைய பெயரில் முன்பதிவு, என்னென்ன வகைகள் என்பவற்றை எழுதிவிட்டு, ஒவ்வொரு வகையைப் பற்றியும் ஒரே ஒரு வாக்கியம் எழுதினால் போதும். அந்த வாக்கியத்தில் "அருமை", "சுமார்" போன்ற சொற்களைத் தடை செய்துவிடுங்கள். சூடு, உப்பு, வேக்காடு, மணம், வகைகள் வந்த வரிசை ஆகியவை பற்றி எழுதுங்கள். ஐந்து அளவுகோல்களில் எதை அந்த வகை காட்டியது, எதில் தவறியது என்பது பிறகு தானாகவே பிரிந்துவிடும். நிழற்படம் உதவும், ஆனால் அளவோடுதான்; படம் எடுத்து முடிப்பதற்குள் ஆறிப்போன உணவைப் பற்றிச் சமையலறையைக் குறை சொல்பவர்களையும் பார்த்திருக்கிறேன்.

வாடிக்கையாளருக்கு ஆய்வாளரைவிட ஒரு சாதகம் உண்டு, ஒரு பாதகமும் உண்டு. பல ஆண்டுகளாகப் போய்வருபவருக்கு, மழைக்காலத்தில் எந்த வகை சோடைபோகும், புதிய சமையல்காரர் வந்த பிறகு எது மாறியது என்பவையெல்லாம் தெரியும். எண்ணி எடுக்கக்கூடிய வருகைகளில் இதை அறிய முடியாது. ஆனால் அவரைச் சமையலறைக்கும் தெரியும். நல்ல துண்டு அவர் தட்டுக்குப் போகும், உணவுப்பட்டியில் இல்லாத ஒன்று இலவசமாக வரும், தாமதமானால் உரிமையாளரே வந்து பேசுவார். அதனால் பழைய வாடிக்கையாளரின் புகழுரையில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்வது நியாயம். இதைச் சோதிக்க எளிய வழி, உணவகத்துக்கு முற்றிலும் அறிமுகமில்லாத நண்பர் ஒருவரைத் தனியாக அனுப்பி, உங்கள் பெயரைச் சொல்லாமல், அதே வகைகளைக் கேட்டு, அவருடைய குறிப்பை உங்கள் குறிப்போடு ஒப்பிடுவதுதான். மேலும், மிச்சலின் நட்சத்திரத்தை ஓர் ஆய்வாளர் மட்டும் தீர்மானிப்பதில்லை; சென்றுவந்த பலர் கூடிப் பேசியே முடிவெடுக்கிறார்கள், கருத்து ஒத்துவராவிட்டால் மீண்டும் போகிறார்கள். அதை எதிர்த்து வாதிட விரும்பும் உணவுப் பிரியர்களும் ஒரே ஓர் இரவின் அனுபவத்தோடு வந்து நிற்பது சரியாகாது.

இங்கே ஒரு பழக்கத்தை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். பட்டியல் வெளியாவதற்கு முன்பே, யாருக்கு என்ன கிடைக்க வேண்டும், உண்மையில் என்ன கிடைக்கும் என்று உங்கள் கணிப்பை இரண்டு தனித்தனிப் பத்திகளாக எழுதி நண்பர்களிடம் கொடுத்துவிடுங்கள். வெளியான பின் எழும் வியப்பு நம்பத்தகுந்ததா என்பதை அந்தத் தாள் காட்டிக்கொடுக்கும். முன்கூட்டி எழுதிய தாளில் நீங்களே சேர்க்க மறந்த உணவகம் ஒன்றுக்காக, விழா முடிந்த பிறகு "எப்படி விட்டார்கள்?" என்று கொதிப்பது அவ்வளவு எளிதாக இருக்காது.

நட்சத்திரம் பறிபோனால்

இறக்கத்தைப் பற்றிய விவாதத்துக்கு வேறு எச்சரிக்கை தேவை, ஏனெனில் கையேடு காரணங்களை விரிவாக வெளியிடுவதில்லை. லியோன் நகரத்துக்கு அருகே பால் பொக்யூஸ் நடத்திய உணவகம் 1965 முதல் மூன்று நட்சத்திரங்களோடு இருந்தது. அவர் 2018 ஜனவரியில் காலமானார். 2020 ஜனவரியில் மூன்றாவது நட்சத்திரம் போயிற்று. அஞ்சலியாக அதை விட்டுவைத்திருக்கலாம் என்று உணர்ச்சியோடு வாதிட்டவர்கள் பலர். ஆனால் அளவுகோல் தட்டில் இருப்பதை மட்டுமே பார்க்கிறது என்று ஒப்புக்கொண்டால், அந்த வாதம் நிற்காது. மார்க் வேய்ரா என்ற மற்றொரு பிரெஞ்சுச் சமையல் வல்லுநர், 2019இல் மூன்றாவது நட்சத்திரத்தை இழந்தபோது நீதிமன்றத்துக்கே போனார். தம் முட்டை சூஃப்லேயில் செடார் பாலாடைக்கட்டி கலந்ததாக ஆய்வாளர் தவறாக எண்ணிவிட்டார் என்பது அவருடைய புகார். தம்மை மதிப்பிட்டவர்களின் குறிப்புகளைக் காட்ட வேண்டும் என்றும் கேட்டார். நான்தேர் நீதிமன்றம் 2019 டிசம்பர் 31 அன்று அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. சட்டத்தின் பார்வையில் ஒரு மதிப்பீட்டாளருக்குத் தன் கருத்தைச் சொல்லும் உரிமை உண்டு என்பதை விவாதிப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம். விளக்கம் தராத மதிப்பீட்டாளரை விமர்சிக்கும் உரிமை நமக்கும் உண்டு. சிங்கப்பூரில் 2016இல் நட்சத்திரம் பெற்று உலகம் முழுவதும் பேசப்பட்ட ஹாக்கர் சான் கடை 2021இல் அதை இழந்தபோதும் காரணம் வெளியாகவில்லை. அப்படிப்பட்ட வேளையில், சமையல்காரர் மாறினாரா, கிளைகள் பெருகினவா, உணவுப்பட்டி சுருங்கியதா என்று பொதுவெளியில் தெரிந்தவற்றை வரிசைப்படுத்தலாம். "இதனால்தான் போயிற்று" என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியாது. நட்சத்திரத்தை இழந்த சமையலறையில் வேலை பார்ப்பவர்கள் அந்தப் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்பதால், கொஞ்சம் நாவடக்கமும் தேவை.

பணமும் உள்ளூர் நாக்கும்

"காசு கொடுத்து வாங்கிய நட்சத்திரம்" என்ற பேச்சு எல்லா ஊர்களிலும் எழுகிறது. இதில் இரண்டு கூற்றுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பிரித்தெடுக்க வேண்டும். கையேடு ஒரு நாட்டுக்கு வருவதற்குப் பணம் கொடுக்கப்படுகிறது என்பது ஒளிவுமறைவற்ற உண்மை. தாய்லாந்துச் சுற்றுலா ஆணையம் 2017இல் ஐந்தாண்டுகளுக்கு 14 கோடியே 40 லட்சம் பாட் ஒதுக்கியது. கலிபோர்னியாவின் சுற்றுலா அமைப்பு 2019 பதிப்புக்காக 6 லட்சம் டாலர் அளித்தது. குறிப்பிட்ட ஓர் உணவகம் பணம் கொடுத்து நட்சத்திரம் வாங்கியது என்பது முற்றிலும் வேறு குற்றச்சாட்டு. ஆதாரம் இல்லாமல் அதைச் சொல்பவர் அவதூறு செய்கிறார். முதல் கூற்றை வைத்தே கேட்கக்கூடிய கூர்மையான கேள்விகள் இருக்கின்றன: நிதி அளித்த வாரியத்துக்கு ஒப்பந்தத்தில் என்ன உரிமைகள் உள்ளன, ஒப்பந்தத் தொகை பொதுவெளியில் உள்ளதா, அந்த நிதியால் எந்த வட்டாரங்கள் உள்ளே வந்தன, எவை வெளியே நின்றன? பொதுப்பணம் என்பதால் இவற்றுக்குப் பதில் கேட்கும் உரிமையும் உண்டு.

கையேட்டின் நம்பகத்தன்மையைக் கேள்விக்கு உட்படுத்த வேண்டுமானால், வதந்தியைத் தேடிப் போக வேண்டியதில்லை. பதிவான நிகழ்வுகளே உண்டு. 2005இல் பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய நாடுகளுக்கான பதிப்பில், அச்சாகும் வேளையில் திறக்கப்படாமலே இருந்த ஓஸ்டென்ட் நகர உணவகம் ஒன்று பாராட்டோடு இடம்பெற்றிருந்தது தெரியவந்து, 50,000 பிரதிகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, பாஸ்கல் ரெமி என்ற முன்னாள் ஆய்வாளர், ஆய்வாளர்களின் எண்ணிக்கை மிகக் குறைவு என்றும், எல்லா உணவகங்களுக்கும் ஆண்டுதோறும் செல்வதில்லை என்றும் வெளிப்படையாகச் சொன்னார், நிறுவனம் மறுத்தது. இவற்றை மேற்கோள் காட்டி, "எங்கள் நகரத்துக்கு எத்தனை ஆய்வாளர்கள், எத்தனை வருகைகள்?" என்று கேட்பது, "எல்லாம் காசு" என்று கையை விரிப்பதைவிட எத்தனையோ மடங்கு வலுவானது.

உள்ளூர்ச் சமையலை வெளியாள் நாக்கு அறியுமா என்பது இதைவிட ஆழமான விவாதம். வட அமெரிக்காவின் முதல் பதிப்பு நியூயார்க்குக்கு 2005இலும், ஆசியாவின் முதல் பதிப்பு டோக்கியோவுக்கு 2007இலும் வந்தபோதே இது தொடங்கிவிட்டது. முதல் பதிப்பிலேயே டோக்கியோவின் 150 உணவகங்களுக்கு மொத்தம் 191 நட்சத்திரங்கள் கிடைத்தன. அத்தனை தாராளத்துக்குப் பிறகும், எங்கள் உணவை மதிப்பிட இவர்கள் யார் என்று கேட்ட ஜப்பானியச் சமையல் வல்லுநர்கள் இருந்தார்கள். இந்த வாதத்தைப் பொத்தாம்பொதுவாக வைக்காமல், எந்த அளவுகோலில் இடிக்கிறது என்று சுட்டிக்காட்டினால் அது கூர்மையடையும். என் பார்வையில், நான்காவது அளவுகோல்தான் சிக்கலானது. சமைப்பவரின் தனித்தன்மை உணவில் தெரிய வேண்டும் என்பது, ஒரு தனிக் கலைஞர் தம் கற்பனையால் புதியதை உருவாக்கும் சமையலறைக்குப் பொருந்துகிறது. முந்தைய தலைமுறை சமைத்தபடியே, ஒரு துளியும் மாற்றாமல் சமைப்பதைப் பெருமையாகக் கருதும் சமையலறையில், சமைப்பவர் தம்மை மறைத்துக்கொள்வதே திறமை. அங்கே தனித்தன்மையை எப்படி அளப்பது? இதைக் கேளுங்கள், மழுப்ப முடியாத கேள்வி இது.

அதே மூச்சில், எதிர்ச்சான்றுகளையும் மேசைமேல் வைப்பது நேர்மை. சிங்கப்பூரில் 2016இல் இரண்டு உணவங்காடிக் கடைகளுக்கு நட்சத்திரம் கிடைத்தது. மெக்சிகோவின் முதல் பதிப்பில், 2024இல், சில வகைகளை மட்டுமே விற்கும் எல் கலிஃபா தெ லெயோன் என்ற சின்னஞ்சிறு டாக்கோ கடைக்கும் கிடைத்தது. ஆகவே "விலை உயர்ந்த இடங்களுக்கு மட்டுமே தருகிறார்கள்" என்று முழுமையாகச் சொல்ல முடியாது. எந்த விகிதத்தில் தருகிறார்கள் என்று கேட்க முடியும், அதை எண்ணிப் பார்க்கவும் முடியும். புதிய பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே சமையல் வகை, வட்டாரம், ஓர் ஆளுக்கு ஆகும் தோராயச் செலவு, வரிசையாக வரும் நிலையான விருந்து மட்டுமா அல்லது விரும்பியதைக் கேட்டு உண்ணலாமா என்ற நான்கையும் குறித்து, சென்ற ஆண்டுப் பட்டியலுக்கும் அவ்வாறே செய்தால், ஒரு மாலைப்பொழுதில் வேலை முடிந்துவிடும். "புதிய நட்சத்திரங்களில் பெரும்பாலானவை ஒரே வட்டாரத்தில், ஒரே வகை உணவகங்களுக்குப் போயிருக்கின்றன" என்று எண்ணிக்கையோடு சொல்பவரை யாரும் கோபக்காரர் என்று ஒதுக்கிவிட முடியாது.

மற்றப் பட்டியல்களைத் துணைக்கு அழைப்பவர்களும் உண்டு. உலகின் சிறந்த 50 உணவகங்கள் என்ற பட்டியல் 2002 முதல் வருகிறது. அது வாக்கெடுப்பால் அமைவது, முதலிடம் பெற்ற உணவகங்களை 2019 முதல் மீண்டும் போட்டியில் சேர்ப்பதும் இல்லை. கோ மில்லோ கையேடு இருபதுக்கு இத்தனை என்று மதிப்பெண் இடுகிறது. மிச்சலினோ, ஒரே எண்ணிக்கையில் நட்சத்திரம் பெற்றவர்களுக்குள் முதல், இரண்டாவது என்று வரிசைப்படுத்துவதே இல்லை. முறைகள் வெவ்வேறாக இருக்கையில், ஒன்றில் இருப்பதும் மற்றதில் இல்லாததும் முரண்பாடு ஆகாது.

இத்தனைக்கும் பிறகு, ஓர் உணவகம் நியாயமின்றி விடுபட்டுவிட்டது என்ற முடிவுக்கு நீங்கள் வந்தால், செய்ய வேண்டியவை சிலவே. உங்கள் குறிப்புகளைத் தேதிகளோடு சுருக்கி, அளவுகோல் வாரியாக ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். வாசகர்களிடமிருந்து வரும் கடிதங்களை வரவேற்பது இந்தக் கையேட்டின் நெடுநாள் வழக்கம் என்பதால், அந்தப் பக்கத்தை அவர்களுக்கே அனுப்பலாம். உணவகத்துக்கும் ஒரு பிரதி கொடுக்கலாம், ஆனால் கட்டணச் சலுகை எதையும் ஏற்காதீர்கள். அடுத்த பட்டியலுக்குள் நண்பர்களில் இருவர் வெவ்வேறு பருவங்களில், ஒருவர் மதியமும் ஒருவர் இரவுமாக, அங்கே மீண்டும் சாப்பிட்டு எழுதட்டும். நட்சத்திரம் புதிதாகப் பெற்ற இடத்துக்குப் போக நினைப்பவர்கள், விழா முடிந்த முதல் சில வாரங்களைத் தவிர்த்துவிடுவது நல்லது: முன்பதிவு எளிதில் கிடைக்காது, கிடைத்தாலும் கூட்டத்தின் நெருக்கடியில் திணறும் சமையலறையை வைத்து அந்த நட்சத்திரம் தகுந்ததா என்று முடிவு செய்ய இயலாது.